நிலநடுக்கத்தில் மண் திரவமானால் கட்டடம் அமிழாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நிகாட்டா நகரத்தை 7.5 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. ஷினானோ ஆற்றோரம் கவாகிஷி-சோ பகுதியில் வரிசையாக நின்ற நான்கு மாடிக் குடியிருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. ஒன்று கிட்டத்தட்ட மல்லாந்தே படுத்துவிட்டது. ஆனால் சுவரும் தூணும் பெரிதாக உடையவில்லை. கான்கிரீட் பெட்டி பெட்டியாக முழுசாகக் கிடந்தது. கட்டடம் நன்றாகத்தான் இருந்தது, கீழே இருந்த மண்தான் கைவிட்டது. மண் திரவமாதல் பற்றிப் பொறியாளர்கள் விழுந்து விழுந்து படிக்க ஆரம்பித்தது அந்த ஆண்டிலிருந்துதான். வீடு கட்டப்போகிறவர்களும், கட்டிவிட்டுக் கவலைப்படுகிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கெட்டியாக இருக்கும் மண் எப்படித் திடீரென்று கூழாகும்?

படியில் அரிசி அளக்கும்போது இரண்டு குலுக்குக் குலுக்கினால் மட்டம் இறங்கும். தளர்வாகக் கிடந்த மணிகள் நெருங்கி உட்காருகின்றன. தளர்வான மணலும் குலுக்கினால் அதைத்தான் செய்யப் பார்க்கும். ஆனால் அது நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் துகள்களுக்கு நடுவே இண்டு இடுக்கெல்லாம் தண்ணீர். துகள்கள் நெருங்க வேண்டுமானால் தண்ணீர் விலக வேண்டும். சில நொடிகளுக்குள் அது எங்கே போகும்? போக வழியில்லாமல் அதன் அழுத்தம் ஏறுகிறது. அதுவரை துகள்மேல் துகளாக இறங்கிக்கொண்டிருந்த பாரத்தைத் தண்ணீர் சுமக்க ஆரம்பிக்கிறது. துகள்களுக்கிடையே பிடிப்பு போனதும் மணல் கூழாகிவிடுகிறது.

குலுக்கல் நின்ற பிறகு தண்ணீர் மேலே வழி தேடி வெளியேறும். வரும்போது மணலையும் அள்ளிக்கொண்டு வந்து தரையில் குட்டி எரிமலை போலக் குவிக்கும். அப்புறம்தான் மண் மறுபடி இறுகும், பழைய மட்டத்தைவிடக் கீழே.

எல்லா மண்ணும் இப்படி ஆகுமா?

ஆகாது. மூன்று விஷயம் ஒன்றுசேர வேண்டும்: தளர்வான மணல் அல்லது மணல் கலந்த வண்டல், அதில் தண்ணீர் நிறைந்திருப்பது, போதுமான குலுக்கல். பிசுபிசுப்பான களிமண் இப்படித் திரவமாவதில்லை. பாறைமேல் நிற்கும் வீட்டுக்கு இந்தக் கவலையே வேண்டாம். கடலைத் தூர்த்த நிலம், பழைய ஆற்றுப் படுகை, மூடப்பட்ட குளம், ஆற்றோரப் புது வண்டல் ஆகியவற்றில்தான் ஆபத்து அதிகம். நிகாட்டாவில் சாய்ந்த குடியிருப்புகளும் ஆறு பழைய நாளில் ஓடிய இடத்தில்தான் நின்றன.

மணலைவிடப் பொடியான துகள்களான நுண்மண் அதிகம் இருந்தால் பயமில்லை என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். 1999 ஆகஸ்ட் 17 அன்று துருக்கியில் வந்த நிலநடுக்கம் அந்த நினைப்பைக் கலைத்தது. அடாபஸாரி நகரில் நுண்மண் நிறைந்த, ஆனால் பிசுபிசுப்புக் குறைந்த வண்டலின் மேல் நின்ற பல மாடிக் கட்டடங்கள் அமிழ்ந்தன, சாய்ந்தன. இப்போது துகளின் அளவை மட்டும் பார்ப்பதில்லை. மண்ணின் நெகிழ்வுத் தன்மையையும் அதிலுள்ள ஈரத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

மண் இறுகுவதால்தானே கட்டடம் இறங்குகிறது?

அது ஒரு பகுதிதான். இந்த இடத்தில் பலரும் வழுக்குகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கட்டடம் மூன்று விதமாக இறங்குகிறது.

முதலாவது, நீங்கள் சொன்னது. தண்ணீர் வெளியேற, மண்ணின் கன அளவு குறைகிறது. கட்டடம் இல்லாத வெற்று வயலிலும் இது நடக்கும்.

இரண்டாவது, கட்டடத்தின் எடை. கீழே மண் இளகிய நேரத்தில் மேலே பாரம் அழுத்துகிறது. அது மட்டுமா? நிலநடுக்கத்தில் கட்டடம் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு ஓரம் மண்ணுக்குள் கொஞ்சம் புதைகிறது, அடுத்த ஆட்டத்துக்கு மறு ஓரம். சேற்றில் நின்றுகொண்டு உடம்பை ஆட்டினால் கால் எப்படி இறங்குமோ அப்படி. கீழே இருந்த மண் பக்கவாட்டில் பிதுங்கிப் போகிறது. இந்த வகை இறக்கத்தில் பெரும்பங்கு குலுக்கல் நடந்துகொண்டிருக்கும்போதே முடிந்துவிடுகிறது.

மூன்றாவது, அஸ்திவாரத்தின் அடியிலிருந்து மணல் வெளியே கொட்டிப்போவது. உள்ளிருந்து எவ்வளவு மணல் வெளியே போனதோ அவ்வளவு பள்ளம். 2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் வீதி வீதியாகச் சாம்பல் நிறச் சேறு முழங்கால் வரை நின்றது. மாணவர்கள் மண்வெட்டியோடு திரண்டு வந்து வாரியது உலகம் முழுக்கச் செய்தியானது. அந்தச் சேறு முழுக்க வீடுகளுக்கும் சாலைகளுக்கும் அடியிலிருந்து வந்த மண்தான்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், மருந்து நோய்க்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வெற்று நிலம் எவ்வளவு இறங்கும் என்று மட்டும் கணக்குப் போட்டுவிட்டு ‘பத்து சென்டிமீட்டர்தான், பரவாயில்லை’ என்று யாராவது அறிக்கை கொடுத்தால், மற்ற இரண்டும் எங்கே என்று கேளுங்கள். கலிஃபோர்னியாவில் மண் பொறியாளர் ஜோனதன் பிரேயும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் முறையை நன்றாக வளர்த்திருக்கிறார்கள்.

தோராயமாக எவ்வளவு இறங்கும்?

முதல் வகைக்கு மட்டும் எளிய கணக்கு உண்டு. தளர்வான மணல் முழுக்கத் திரவமானால் அதன் தடிமனில் சுமார் 2 முதல் 5 சதவீதம் வரை குறையும். 5 மீட்டர் தடிமன், 3 சதவீதம் என்றால் 15 செ.மீ. மற்ற இரண்டு வகைகள் கட்டடத்தின் எடை, உயரம், அகலம், மேலே உள்ள கெட்டியான மண் அடுக்கின் தடிமன் ஆகியவற்றைப் பொறுத்தவை. அடாபஸாரியில் அகலத்தைவிட உயரம் அதிகமான ஒல்லிக் கட்டடங்கள்தான் மோசமாகச் சாய்ந்தன.

சமமாக இறங்கினால் என்ன கெட்டுவிடும்?

வீடு முழுக்க ஒரே சீராக இறங்கினால் குழாய் இணைப்புகள் உடையும், வாசலில் மழைத் தண்ணீர் ஏறும். அவ்வளவோடு போகும். ஆனால் மண் அப்படிச் சீராக இறங்காது. ஒரு மூலை 4 செ.மீ., இன்னொரு மூலை 12 செ.மீ. என்று இறங்கும்போதுதான் பீம் விரிசல் விடுகிறது, கதவு சிக்குகிறது, தரை சரிகிறது. அதனால் மொத்த இறக்கத்தில் பாதியாவது ஏற்றத்தாழ்வாக வரும் என்று எடுத்துக்கொண்டு வடிவமைப்பது வழக்கம்.

சாய்வுக்கு மனித உடம்பு ரொம்ப நுட்பமான கருவி. நூற்றுக்கு ஒன்று சாய்ந்த வீட்டில் தலைசுற்றலும் குமட்டலும் வந்து தூங்க முடியாமல் அவதிப்பட்டவர்கள் ஜப்பானில் உண்டு. 2011 மார்ச்சில் அங்கே வந்த பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த நாட்டு அரசு தன் சேத மதிப்பீட்டு விதியையே மாற்றியது. திரவமான மண்ணில் 1/20 அல்லது அதற்கு மேல் சாய்ந்த வீடு முழுச் சேதம், 1/100-ஐத் தாண்டினால் பாதிச் சேதம். சுவரில் ஒரு கீறல் இல்லாவிட்டாலும் இதுதான் கணக்கு. மிகச் சரியான முடிவு என்பது என் கருத்து.

என் மனை எப்படி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் காசு செலவில்லாத வேலை. அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். பழைய வரைபடத்தைப் பாருங்கள். குளமோ வாய்க்காலோ இருந்த இடமா? கிணற்றில் மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு மேலே வருகிறது?

அப்புறம் மண் பரிசோதனை. போர் போட்டு எஸ்.பி.டி. சோதனை செய்வார்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி பிடித்தது என்று எண்ணுவார்கள். அதுதான் ‘என்’ (N) மதிப்பு. ஆழத்துக்கும் மற்றவற்றுக்கும் திருத்திய பிறகு 30-க்கு மேல் இருந்தால் சுத்தமான மணல் பொதுவாகத் திரவமாகாது. ஐந்து, எட்டு என்று வந்தால் கவனம் தேவை. கூம்பு முனையை அழுத்தி இறக்கும் சி.பி.டி. சோதனை இன்னும் நல்லது, ஏனென்றால் சில செ.மீ. தடிமனுள்ள மெல்லிய அடுக்கையும் அது காட்டிக்கொடுக்கும். இந்தியாவில் நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கான ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பின் 2016 பதிப்பில் இதற்கான கணக்கீட்டு முறை தரப்பட்டிருக்கிறது.

ஒரே ஒரு போர் போட்டுவிட்டு முடிவு சொல்லாதீர்கள், சொல்ல விடாதீர்கள். சீரற்ற இறக்கம்தான் நம் பயம் என்னும்போது ஒரே புள்ளியில் பார்த்து என்ன தெரியும்? வீட்டுச் செலவில் மண் பரிசோதனைக்கு ஆகும் பங்கு மிகச் சிறியது. அதை மிச்சம்பிடிக்கும் வழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

புதிதாகக் கட்டுவதற்கு முன் மண்ணை எப்படிச் சரிசெய்வது?

மண்ணை இறுக்கலாம், சிமென்ட் கலந்து கட்டலாம், தண்ணீருக்கு வழி வைக்கலாம். எல்லா முறைகளும் இந்த மூன்றுக்குள் அடங்கும்.

இறுக்குவதுதான் பழையதும் நம்பகமானதும். கான்கிரீட்டில் வைப்ரேட்டர் விடுவதுபோல, அதிரும் பெரிய கம்பியைத் தரைக்குள் இறக்கிச் சுற்றியுள்ள மணலை நெருக்குவார்கள். சுத்தமான மணலில் இது அருமையாக வேலை செய்யும். நுண்மண் 15 சதவீதத்தைத் தாண்டினால் பலன் குறையும். அப்போது ஓட்டை போட்டு ஜல்லியையோ மணலையோ திணித்துத் தூண்களாக இடித்து இறுக்குவார்கள். ஜப்பானில் 1950-களிலிருந்தே மணல் தூண் முறை புழக்கத்தில் இருக்கிறது.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் வந்த பெரிய நிலநடுக்கத்தில் இதற்குக் கண்ணெதிரே ஒரு பரீட்சை நடந்தது. டோக்கியோ விரிகுடாவைத் தூர்த்து உருவான உராயாசு நகரம் நிலநடுக்க மையத்திலிருந்து 300 கி.மீ.க்கும் அப்பால் இருந்தது. ஆனாலும் குலுக்கல் நிமிடக்கணக்கில் நீடித்ததால் ஊரின் பெரும்பகுதியில் மண் திரவமானது. வீடுகள் சாய்ந்தன, பாதாளச் சாக்கடையின் ஆள்நுழை குழிகள் தரைக்கு மேலே வந்து நின்றன. அதே ஊரில்தான் டோக்கியோ டிஸ்னிலேண்ட் இருக்கிறது. கட்டும்போதே மண்ணை இறுக்கியிருந்ததால் பூங்காவுக்குள் பெரிய பாதிப்பு இல்லை. இறுக்காத கார் நிறுத்துமிடத்தில் மணலும் தண்ணீரும் பொங்கின.

பல டன் எடையை உயரத்திலிருந்து திரும்பத் திரும்பப் போட்டு இறுக்குவதும் உண்டு. டன்னில் எடையையும் மீட்டரில் உயரத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதில் பாதி எடுத்தால் பலன் எட்டும் ஆழம் தோராயமாகக் கிடைக்கும். 16 டன்னை 16 மீட்டரிலிருந்து போட்டால் 8 மீட்டர். திறந்த வெளிக்குச் சரி, பக்கத்தில் வீடுகள் இருந்தால் நினைத்தே பார்க்கக் கூடாது.

சிமென்ட் கலக்கும் முறையில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கோபே. அங்கே துறைமுகத்தில் 14 மாடி ஹோட்டல் ஒன்று கட்டப்பட்டது. அதன் அடியில் மண்ணையும் சிமென்டையும் ஆழத்தில் கலந்து, ஜன்னல் கம்பிபோலக் குறுக்கும் நெடுக்குமாகச் சுவர்கள் அமைத்திருந்தார்கள். 1995 ஜனவரி 17 அன்று நிலநடுக்கம் வந்தபோது சுற்றியிருந்த துறைமுகச் சுவர்கள் மீட்டர் கணக்கில் கடல் பக்கம் நகர்ந்தன. ஹோட்டல் அசராமல் நின்றது. கட்டங்களுக்குள் அடைபட்ட மணலால் நெளிய முடியவில்லை, நெளிய முடியாததால் திரவமாகவும் முடியவில்லை.

தண்ணீருக்கு வழி வைப்பது என்றால் ஜல்லி நிரப்பிய செங்குத்து வடிகால்கள். அழுத்தம் ஏறுவதற்குள் தண்ணீர் வெளியேற வேண்டும் என்பது நோக்கம். கன அளவுக் குறைவை இது தடுக்காது, ஏனென்றால் தண்ணீர் எப்படியும் வெளியேறத்தான் செய்கிறது. ஆகவே இதை மட்டும் நம்புவதை விட இறுக்குவதோடு சேர்த்துச் செய்வது நல்லது.

எந்த முறையானாலும் கட்டடத்தின் ஓரத்தோடு நிறுத்தக் கூடாது. சரிசெய்யும் ஆழத்தில் பாதி அளவாவது சுற்றிலும் வெளியே நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து மண் இளகும்போது ஓரம் சரியும். மண் கெட்டியானால் குலுக்கலும் மேலே முழுசாக வந்து சேரும் என்பதால் கட்டடத்தின் கம்பிக் கணக்கையும் அதற்கேற்பப் பார்க்க வேண்டும்.

சிறிய வீட்டுக்கு இவ்வளவு செலவு கட்டுப்படியாகுமா?

ஆகாது, தேவையும் இல்லை. இதற்கு நல்ல பதில் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து கிடைத்தது. அங்கே பாதிக்கப்பட்ட சமதள நிலத்தை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: திரவமாகி வீடு சேதமாக வாய்ப்புக் குறைவு, ஓரளவு உண்டு, கணிசமாக உண்டு. மூன்றாவது வகையில் சிறிய வீடுகளுக்கு மலிவான தீர்வுகளைத் தேடி, நிஜ மண்ணில் அதிர்வு கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள்.

அதன் சாரம் இதுதான்: ஆழத்தில் உள்ள எல்லா மணலையும் குணப்படுத்த முடியாவிட்டால், வீட்டுக்கு நேர் கீழே கெட்டியான மேலோட்டைத் தடிமனாக்குங்கள். மேல் மண்ணை 1.2 மீட்டர் வரை தோண்டி எடுத்துவிட்டு, உடைத்த ஜல்லியை அடுக்கடுக்காக இடித்து, நடுவே வலைத்துணி விரித்து ஒரு மெத்தை போல ஆக்குவது ஒரு வழி. அல்லது குட்டையான ஜல்லித் தூண்கள். அதன்மேல் விறைப்பான ராஃப்ட் அஸ்திவாரம் (வீட்டின் அடி முழுக்க ஒரே கான்கிரீட் பலகை), அதன்மேல் எடை குறைந்த வீடு. கீழே மணல் திரவமாகலாம், வீடும் சில செ.மீ. இறங்கலாம். ஆனால் மேலே பொங்கி வராது, ஒரே தட்டாக இறங்கும்.

தூணுக்குத் தூண் தனித்தனி ஃபூட்டிங் (அடிப்பீடம்) போட்டு ஒவ்வொரு தூணையும் தன்பாட்டுக்கு விடுவதுதான் இந்த மண்ணில் மிகக் கெட்ட தேர்வு. ராஃப்ட் கட்டுப்படியாகாவிட்டால் ஃபூட்டிங்குகளை இரு திசையிலும் கனமான பீமால் இணைத்தாவது விடுங்கள். வீட்டின் வடிவமும் முக்கியம். ஒரு பக்கம் இரண்டு மாடி, மறு பக்கம் ஒரு மாடி என்றால் பாரம் அதிகமான பக்கம் இறங்கத்தான் செய்யும்.

பைல் போட்டுவிட்டால் கவலை தீர்ந்ததா?

பைல் என்பது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண். திரவமாகும் அடுக்கைக் கடந்து கெட்டியான அடுக்குக்குள் போதுமான ஆழம் போனால் அது நல்ல தீர்வு. போகாவிட்டால் பைலும் சேர்ந்தே இறங்கும். குஜராத்தில் 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் கண்ட்லா துறைமுகத்தின் அலுவலகக் கோபுரம் இதற்குச் சாட்சி. 22 மீட்டர் உயரம், கீழே 18 மீட்டர் நீளத்தில் 32 பைல்கள். அப்படியும் உச்சி சுமார் 30 செ.மீ. விலகிச் சாய்ந்தது.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. நிகாட்டாவில் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் (என்.எச்.கே.) கட்டடம் 1964-க்குப் பிறகும் 20 ஆண்டு பயன்பாட்டில் இருந்தது. மாற்றிக் கட்டத் தோண்டியபோதுதான் பைல்கள் உள்ளே உடைந்து கிடந்தது தெரிந்தது. மண் பக்கவாட்டில் நகர்ந்தபோது அவற்றை இழுத்து முறித்திருக்கிறது. ஆற்றங்கரை, கால்வாய்க் கரை மனைகளில் பைலைச் செங்குத்துப் பாரத்துக்கு மட்டும் கணக்கிட்டால் போதாது.

ஏற்கெனவே கட்டிய வீடு. இப்போது என்ன செய்யலாம்?

வழிகள் குறைவு, ஆனால் இருக்கின்றன. வீட்டைச் சுற்றியும் சாய்வான துளைகள் வழியாக அடியிலும் கெட்டியான சிமென்ட் கலவையை அழுத்தத்தில் செலுத்தி மணலை நெருக்கலாம். வேகமாகப் பீய்ச்சும் சிமென்ட் பாலால் மண்ணைக் கரைத்துத் தூண்களாக்கலாம். இரண்டும் அனுபவமுள்ள கைகளில் மட்டும், ஏனென்றால் அழுத்தம் கூடினால் வீடே தூக்கிக்கொள்ளும்.

நிலத்தடி நீர்மட்டத்தைத் தாழ்த்துவதும் ஒரு வழி. ஜப்பானின் இட்டாகோ நகரில் 2011-க்குப் பிறகு ஒரு குடியிருப்புப் பகுதி முழுமைக்கும் குழாய் பதித்து இதைச் செய்தார்கள். மேல் மணல் உலர்ந்தால் கெட்டியான மேலோடு தடிமனாகும் என்பது தத்துவம். ஆனால் அடியில் மென்களிமண் இருந்தால் நீர் இறங்க இறங்க அது சுருங்கி, நிலநடுக்கம் இல்லாமலே வீட்டை இறக்கிவிடும். களிமண்ணைச் சோதிக்காமல் இதில் கைவைக்காதீர்கள்.

உராயாசுவில் வீதிகளையும் வீட்டு மனைகளையும் சேர்த்துச் சிமென்ட் சுவர்க் கட்டம் அமைக்கும் திட்டம் வந்தது. கட்டம் பல மனைகளுக்கு அடியில் போகும் என்பதால் அந்தத் தொகுப்பில் எல்லாரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. செலவில் பங்கும் கொடுக்க வேண்டும். அதனாலேயே பல தொகுப்புகள் விலகிக்கொண்டன. இது பொறியியலால் மட்டும் தீர்கிற விஷயம் அல்ல.

ஒரு தடவை திரவமான மண் இறுகிவிடுமே, அடுத்த தடவை பயமில்லையே?

தவறு. கிறைஸ்ட்சர்ச்சில் 2010 செப்டம்பரில் திரவமான இடங்களே 2011 பிப்ரவரியிலும், ஜூனிலும், டிசம்பரிலும் திரவமாயின.

சாய்ந்த வீட்டை நிமிர்த்த முடியுமா?

சட்டகம் உடையாமல் இருந்தால் முடியும். நிகாட்டாவில் சாய்ந்த சில கட்டடங்களையே ஜாக் வைத்து நிமிர்த்தி, அடியில் புது ஆதாரம் கொடுத்து மறுபடி பயன்படுத்தினார்கள். கிறைஸ்ட்சர்ச்சில் தரை 50 மி.மீ.க்கு மேல் ஏறி இறங்கியிருந்தாலோ சாய்வு 1/200-ஐத் தாண்டினாலோ மட்டப்படுத்த வேண்டும் என்று வழிகாட்டினார்கள். அடியில் பிசின் செலுத்தித் தூக்கும் முறையும் அங்கே நிறையப் பயன்பட்டது. ஒன்றை மறக்கக் கூடாது: நிமிர்த்துவது மண்ணைக் குணப்படுத்துவது ஆகாது. அடுத்த குலுக்கலில் அதே மண்தான் கீழே இருக்கும். அதனால்தான் ஜாக் வைக்க வசதியான அஸ்திவாரத்தை முதலிலேயே அமைப்பது அங்கே ஒரு வழிமுறையாகவே ஆனது.

தமிழ்நாட்டில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

பீகார் அளவுக்கு இல்லை. அங்கே 1934 ஜனவரி 15 நிலநடுக்கத்தில் சீதாமர்ஹி, மதுபனி, பூர்ணியா வழியாகச் சுமார் 300 கி.மீ. நீளப் பட்டை முழுவதும் வீடுகள் அமிழ்ந்தன, சாய்ந்தன. தமிழ்நாட்டில் எதிர்பார்க்கும் குலுக்கல் குறைவு. இருந்தாலும் நிலநடுக்க அபாய வரைபடத்தில் சென்னை 2002-இல் இரண்டாம் மண்டலத்திலிருந்து, அதைவிட ஆபத்து அதிகமான மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. கடலோர மணலில், நீர்மட்டம் மேலே உள்ள இடத்தில் மருத்துவமனை, மேல்நிலைத் தொட்டி, துறைமுகக் கிடங்கு கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. இரண்டு மாடி வீட்டுக்கு நல்ல ராஃப்டும் இணைப்பு பீமும் பெரும்பாலும் போதும்.

குழாயும் செப்டிக் டேங்கும் என்னவாகும்?

வீடு இறங்கும், காலித் தொட்டி மிதக்கும். கூழான மண் தண்ணீரைவிட அடர்த்தியானது, அதனால் பாதி நிரம்பிய சம்ப்பையும் செப்டிக் டேங்க்கையும் அது மேலே தூக்கிவிடும். தொட்டியின் அடித்தளத்தைச் சுற்றிலும் வெளியே நீட்டிக் கட்டி அதன்மேல் கற்களை நிரப்புங்கள். வீட்டுக்குள் நுழையும் தண்ணீர், கழிவுநீர், எரிவாயுக் குழாய்கள் எல்லாவற்றுக்கும் சுவரருகே வளையக்கூடிய இணைப்பு வையுங்கள். உராயாசுவில் நிமிர்ந்து நின்ற வீடுகளில் இருந்தவர்களும் கழிப்பறையைப் பயன்படுத்த முடியாமல் வாரக்கணக்கில் திண்டாடியதற்குக் காரணம், வெளியே உடைந்துபோன கழிவுநீர்க் குழாய்கள்தான்.